அரசுவின் குரல்

ஜனவரி 5, ஞாயிறு

பீனிக்ஸ் வந்து சேர்ந்தோம். கோயமுத்தூரில் ஏறி, மூன்று விமானம் மாறி, முப்பத்தொரு மணி நேரம். இவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

அழைத்துப்போக ஜெரால்டு வந்திருந்தான். அரசுவோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவன். டிசம்பரில் அரசுவின் உடலை ஊருக்கு அனுப்பிவைக்க அத்தனை அலுவலகமும் ஏறி இறங்கியவன் அவன்தான். என்னைப் பார்த்ததும் "அம்மா" என்றான்.

இவர் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவனைத் தள்ளிக் கூட்டிப்போய், "போன்ல நான் சொன்னது ஞாபகம் இருக்குதில்லப்பா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான்.

அரசுவின் பிக்கப் வண்டியும், அதன் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் வீடும் பாலைவனத்து முகாம் ஒன்றில் நிற்கின்றன. பதினைந்தாம் தேதிக்குள் அங்கிருந்து எடுத்தாக வேண்டும். எல் பாசோவில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வதாக ஜெரால்டு சொன்னான். ஐந்நூற்றைம்பது மைல். ஆள் வைத்து இழுத்துக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றுதான் சொன்னான். இவர்தான் கேட்கவில்லை. "என்ற பையன் வண்டிய நான் ஓட்டிட்டு வர்றேன்" என்றார். முப்பத்தொரு வருஷம் தாராபுரத்துக்கும் கோயமுத்தூருக்கும் பஸ் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் அரசுவைப் பார்க்க வந்தபோது வாங்கிய விசா இருக்கிறது. மற்ற காகிதங்களை ஜெரால்டு முடித்துவைத்திருக்கிறான்.

அரசு போய் முப்பத்தைந்து நாள்.

ஜனவரி 6, திங்கள்

கல், முள்செடி, மறுபடி கல். இரண்டு ஆள் உயரத்துக்குக் கள்ளிகள். "டிராபிக் போலீசு கணக்கா கையத் தூக்கிட்டு நிக்குது பாரு" என்றார் இவர். ஊரிலிருந்து கிளம்பியபின் அவர் வேடிக்கையாகச் சொன்ன ஒரே பேச்சு.

ஜெரால்டு சாவியைக் கொடுத்துவிட்டு மதியமே திரும்பிவிட்டான். அவன் மனைவிக்கு மாதம் நெருங்குகிறது.

டிரெய்லர் இருபது அடி நீளம். ஒரு படுக்கை, மடக்கு மேசை, மூன்று பர்னர் அடுப்பு, நின்றால் திரும்ப முடியாத குளியலறை. படுக்கையில்தான் அவனைப் பார்த்தார்களாம். குளிருக்கு ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, அடுப்பை எரியவிட்டுத் தூங்கியிருக்கிறான். கார்பன் மோனாக்சைடு என்று அறிக்கையில் இருந்தது. அதை இவருக்குத் தமிழில் நான்தான் சொன்னேன். முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவள், விளக்கமாகவே சொன்னேன்.

இவர் வெளியே டயர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே எல்லாவற்றையும் துடைத்தேன். அடுப்பை இரண்டு முறை.

பக்கத்து டிரெய்லரில் டோனா என்று ஒரு வயதான பெண். அன்றைக்குக் காலையில் கதவைத் தட்டிப் பார்த்தவள் அவள்தான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மூன்று மாதம் எனக்கு மகன் மாதிரி இருந்தான். தினமும் என் தண்ணீர்க் கேனைத் தூக்கித் தருவான். சாயங்காலமானால் வெளியே உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பான்" என்றாள்.

இவர் காதில் 'த்ரீ மந்த்ஸ்' மட்டும் விழுந்திருக்கிறது. "மூணு மாசங்கறாங்களே, என்னது?" என்றார்.

"டிரெய்லர மூணு மாசமா இங்க நிறுத்தி வெச்சிருந்தானாமுங்க. லீவு நாள்ல வந்து தங்குவானாமா. இந்த நாலு நாள் லீவுக்கும் அப்படி வந்ததுதானுங்க."

"ஓ" என்றார். டோனாவுக்கு இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இவர் ஹீட்டரைச் சரி செய்துவிட்டார்.

காலையில் எழுந்தபோது ஜன்னலுக்கு உள்பக்கம் பனி. இவர் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போய், வண்டியின் பக்கவாட்டில் இருந்த தகரத்தைக் கழற்றினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "புள்ள, இங்க வா" என்று கூப்பிட்டார். உள்ளங்கையில் ஒரு மண் உருண்டை. குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தி எடுத்ததும் ஹீட்டர் பற்றிக்கொண்டது. வெதுவெதுவென்று காற்று காலில் பட்டது.

"இத்துனூண்டு மண்ணு" என்றார். கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு போனு. அப்பா, ஹீட்டர் ஓடலீன்னு ஒரே ஒரு போனு போட்டிருந்தா, வீடியோவுலயே பாத்துச் சொல்லியிருப்பனே. மிக்ஸி ரிப்பேருக்குக்கூட என்னயத்தான கேப்பான். இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். குக்கரை அணைத்து வெகு நேரமாகியிருந்தது.

ஜனவரி 8, புதன்

கிளம்பினோம். டோனா கை காட்டிக்கொண்டே நின்றாள்.

புறப்படுவதற்கு முன் இவர் வண்டியை நான்கு முறை சுற்றி வந்தார். கொக்கி, சங்கிலி, பிரேக் விளக்கு. முதல் பத்து மைலுக்கு நான் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "பாப்பாவுக்குப் பாடம் சொல்றாப்புல சொல்லாத" என்றார். திருப்பங்களில் மட்டும் கண்ணாடியைப் பார்த்து, "பின்னால ஒரு ஊடு வருது, ஒரு ஊடு வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லாரிகள் எங்களை ஒலி எழுப்பித் தாண்டிப் போயின. மெதுவாகவே ஓட்டினார். நூற்று நாற்பது மைல்.

மதியம் சாலையோரம் நிறுத்தித் தயிர்சாதம் சாப்பிட்டபோது கேட்டார்.

"உன்ற போன்ல அவன் பேசுனது ஏதாச்சும் இருக்குதா? எனக்குக் கூப்புட்டுத்தான் பேசுவான். ஒண்ணும் மிச்சமில்ல. உனக்குத்தான் அந்த வாய்ஸ் மெசேஜ் போடுவான்."

"போன் மாத்துனப்ப எல்லாம் அழிஞ்சு போச்சுங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

டப்பாவைக் கழுவித் தந்தார். கொஞ்ச தூரம் போனபின், "அவன் சிரிக்கறது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்கறேன், வரமாட்டீங்குது" என்றார்.

போன் மாற்றியது உண்மைதான். போன வருஷம் சித்திரை மாதம்.

ஜனவரி 9, வியாழன்

நூற்று இருபது மைல். ஒரு டயரில் காற்று குறைந்திருந்தது, நிரப்பினோம். முகாமில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. அவனுடைய சட்டைகளைத் தனியாக வைத்துவிட்டு எங்களுடையதை மட்டும் போட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

இன்னொரு கம்பளி தேடியபோது படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டியை இவர் இழுத்துவிட்டார். நான் சமையலில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது எல்லாவற்றையும் படுக்கையில் எடுத்து அடுக்கியிருந்தார்.

தங்கை வதனிக்கு ஒரு கைப்பை. எனக்கு நீல நிற ஸ்வெட்டர். இவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்; அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் எந்தப் பொத்தானை எதற்கு அழுத்த வேண்டுமென்று அரசு தமிழில் எழுதி ஒட்டியிருந்தான். அதற்கெல்லாம் கீழே பிளாஸ்டிக் கோப்பில் அவன் பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய எல்லாச் சான்றிதழும்.

"நாலு நாள் லீவுக்கு வந்தவன் சர்ட்டிபிகேட்ட எதுக்குக் கொண்டுட்டு வந்தான்?" என்றார் இவர். "இருவது கிலோ அரிசி இருக்குது. ஊட்டுச் சாமான் பூரா இருக்குது. ஊருக்கு வர்றதுக்குப் பொட்டி கட்டி வெச்சிருக்கான். இது லீவுக்கு வந்த வண்டி இல்ல புள்ள. அவன் இதுலயே குடியிருந்திருக்கான்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும்?"

வெகு நேரம் என்னையே பார்த்தார். பிறகு அந்த மெஷினைக் கையில் கட்டி, காகிதத்தில் எழுதியிருந்தபடியே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். சொல்லவில்லை.

ஜனவரி 11, சனி

புழுதிக்காற்று. டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று முகாம்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நாள் முழுக்க உள்ளேயே இருந்தோம். சுவர் ஆடிக்கொண்டே இருந்தது. இவர் மத்தியானம் தூங்கினார். நான் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி அரசுவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முதலில் எனக்குத்தான் சொன்னான். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். செப்டம்பரில் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு யாரோ விற்ற இந்த டிரெய்லரில் குடியேறினான். "ஜாலியா இருக்குதும்மா" என்றான். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வதனிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; இப்போது தள்ளிப்போட்டிருக்கிறோம். அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அந்தச் சமயத்தில் அவன் வேலையில்லாமல் வந்து வாசலில் நின்றால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பாள்.

அரசுவைக் கொண்டுவந்து இறக்கிய அன்று முதலில் ஓடிவந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அழுதார். மயானம் வரை செருப்பில்லாமல் நடந்தார். இந்த மனிதர்களுக்கா நான் பயந்தேன்.

போனில் அவன் குரல் நாற்பத்தொன்று இருக்கிறது. நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி வந்ததைப் பற்றி எழுத மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே கிளம்பிவிட்டோம். மலைகளெல்லாம் கழுவிவிட்டது போலத் தெரிந்தன.

ஓட்டிக்கொண்டே இவர் பேசினார். சாலையைப் பார்த்தபடியேதான்.

"வேல போயிருச்சு. அதான. எங்கிட்டச் சொல்லப் பயந்துட்டிருந்திருக்கான். நான் சின்ன வயசுல அவன ரொம்ப மெரட்டிப் போட்டேன். அஞ்சாவதுல கணக்குல கொறஞ்சதுக்குப் பெல்ட்டால அடிச்சனே, ஞாபகம் இருக்குதா? அதை மனசுல வெச்சிருந்திருப்பான். அப்பங்கிட்டச் சொன்னா அடிக்கற அப்பன்னு நெனச்சுட்டான். நாந்தான் புள்ள. நாந்தான் அவனக் கொன்னு போட்டேன்."

அவர் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"நிறுத்துங்க" என்றேன்.

"என்னாச்சு?"

"வண்டிய நிறுத்துங்க."

ஓய்விடம் ஒன்று வந்தது. கல் மேசையும் தகரக் கூரையும். இறங்கி உட்கார்ந்தோம். போனை எடுத்து அவருக்கு முன்னால் வைத்து, அக்டோபர் ஐந்தாம் தேதிக்குப் போய், அழுத்தினேன்.

"அம்மா, நாந்தாம்மா. சாப்டாச்சா? அறுபது நாள் முடியப் போகுதும்மா. விசிட்டரா மாத்தி எழுதிப் போட்டா இன்னுங் கொஞ்ச நாள் இங்க இருக்கலாமாம். இல்லீன்னா... தீபாவளிக்கு வந்தறட்டுமாம்மா? அங்க வந்து ஏதாச்சும் பாத்துக்கறேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். அவுரு ஒண்ணுஞ் சொல்லமாட்டாரும்மா. மொதல்ல சோறு போடுன்னுதான் சொல்லுவாரு."

கடைசியில் சிரித்தான்.

இவர் கை வாய்க்குப் போய்விட்டது. நான் நிறுத்துவதற்குள் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்தது. அது என் குரல்.

"இப்ப வேண்டாஞ் சாமி. தையில கலியாணத்த வெச்சுக்கிட்டு, நீ வேலையில்லாம வந்து நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. மாப்ள ஊட்டுக்கு என்னன்னு பதில் சொல்றது? இன்னும் நாலு மாசந்தான். பல்லக் கடிச்சுட்டு இரு கண்ணு. கலியாணத்துக்கு வந்தா மாதிரியும் ஆச்சு. அப்பாகிட்ட ஒண்ணுஞ் சொல்லிப் போடாத. அவருக்கு பிரஷர் ஏறிக்கும்."

அதற்குப் பின்னால் அவனுடையது. இரண்டே நொடி.

"சரிம்மா."

இவர் விரலை நீட்டி அதை மறுபடி அழுத்தினார். சரிம்மா. மறுபடி. சரிம்மா. எத்தனை முறை என்று தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது; அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் இருக்குதா?" என்றார்.

மறைத்துப் பயனில்லை. நவம்பர் இருபத்தொன்பதையும் போட்டேன்.

"குளுரு தாங்கலம்மா இங்க. ஹீட்டர் ஓடமாட்டீங்குது. ரண்டு நாளா ஸ்டவ்வப் பத்த வெச்சுட்டுப் படுத்துக்கறேன், கதகதன்னு இருக்குது. அப்பாகிட்ட ஹீட்டரப் பத்திக் கேக்கலாம்னு பாத்தேன், அப்பறம் எங்க இருக்கறேன்னு கேப்பாரு. விடு. நீ மாத்தர போட்டியா?"

என் பதில்: "போட்டுட்டேன் சாமி. நல்லாப் போத்திக்கிட்டுப் படு."

இவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எட்டாங் கிளாசுக்கு நீதான சயின்ஸ் நடத்துன?" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஸ்டவ்வுன்னு அவன் சொன்னப்ப உனக்கு ஒண்ணுந் தோணலியா?"

"தோணலீங்க. சத்தியமாத் தோணலீங்க. சீர்வரிசைப் பாத்திரம் பாக்கப் போயிருந்தேன். கடையில நின்னுட்டுத்தான் கேட்டேன். அவன் குரல் நல்லாருக்குது, அது போதும்னு போன உள்ள வெச்சுட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்த."

"தப்புத்தானுங்க."

"ஒரே ஒரு வார்த்த புள்ள. எந்திரிச்சு அதை அணைடான்னு சொல்லியிருப்பனே."

எழுந்து கள்ளிகளுக்கு நடுவே நடந்தார். வெகு தூரம் போனார். வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போயிற்று. திரும்பி வரமாட்டாரோ என்று எழுந்து நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். செருப்பெல்லாம் முள். என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, தன் பக்கம் ஏறி உட்கார்ந்தார். எப்போதும் போல வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

தொண்ணூறு மைல். பேசவில்லை. மத்தியானம் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்தார். குடிக்கச் சொல்லவில்லை. குடித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

எல் பாசோ. பகல் பதினொரு மணிக்கு ஜெரால்டின் வீட்டை அடைந்தோம். அந்தக் குறுகலான பாதையில் இவர் டிரெய்லரைப் பின்புறமாகவே ஏற்றி, ஒரே தடவையில் சுவரோரம் நிறுத்தினார். ஜெரால்டு கைதட்டப் போய், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி நிறைமாத வயிற்றோடு சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். எங்களுக்குத் தீட்டு, பண்டிகை கிடையாது என்று அவளுக்குத் தெரியாது. இவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு வதனி வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது ராத்திரி. அழுது அழுது முகம் உப்பியிருந்தது.

"அப்பா, நேத்து அவரு கேட்டாருங்கப்பா." மாப்பிள்ளையைத்தான் சொல்கிறாள். "அண்ணனுக்கு ஏதாச்சும் கஷ்டம் இருந்துச்சான்னு. ஜெரால்டு அண்ணங்கிட்டக் கேட்டா மென்னு முழுங்கறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்கப்பா. அண்ணனுக்கு வேல போயிருச்சா? என்ற கலியாணத்துக்காக ஏதாச்சும் மறைச்சானா? உண்மையச் சொல்லுங்க."

இரண்டு நாளில் முதல்முறையாக இவர் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றார் போனைப் பார்த்து. "நல்ல வேலையிலதான் இருந்தான். இங்க எல்லார்த்தையும் பாத்து விசாரிச்சுட்டேன். நாலு நாள் லீவுன்னு வந்த எடத்துல இப்படி ஆயிப்போச்சு. அவன் விதி. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. போய்த் தூங்கு கண்ணு."

"நெசமாவாப்பா?"

"அப்பன் எப்பக் கண்ணு உங்கிட்டப் பொய் சொன்னேன்?"

அவள் சரி என்று சொல்லி வைத்தாள். முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டது, பார்க்கவே தெரிந்தது.

ஜெரால்டு எழுந்து வெளியே போய்விட்டான். இவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அந்தக் கலியாணத்துல அவளால உக்கார முடியாது."

நான் அவர் கையைத் தொட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கை அப்படியே கட்டை போலக் கிடந்தது.

"ஊருக்குப் போனதும் கொஞ்ச நாளைக்கு நான் தம்பி தோட்டத்துல இருந்துக்கறேன்" என்றார்.

"எத்தன நாளைக்குங்க?"

"தெரியல புள்ள. கோவமுன்னு இல்ல. உன்ற மொகத்தப் பாத்தா அவன் சரிம்மாங்கறது கேக்குது."

எழுந்து அறைக்குப் போனார். கதவருகே நின்று திரும்பினார்.

"அவன் பேசுனத எல்லாம் என்ற போனுக்கு அனுப்பு. அவனோடது மட்டும். உன்றது வேண்டாம்."

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். இடையிடையே வந்த என்னுடையதை விட்டுவிட்டு, நாற்பத்தொன்றையும் அனுப்பினேன். இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது. என் பதில் எதுவும் இல்லாததால், அவன் ஒருவனே பேசிக்கொண்டு போகிறான். சாப்டாச்சா என்கிறான், வந்தறட்டுமா என்கிறான், யாரும் வா என்று சொல்லவில்லை, சரிம்மா என்கிறான்.